தளர்நடை



இலக்கிய வட்டத்துக்குப் பத்து ஆண்டு நிறைகிறது. தமிழில் பத்து என்றதும் பத்துப்பாட்டும் பதிற்றுப்பத்தும் நினைவுக்கு வருவது இயல்பு. பத்துப் பருவமாய் வகுத்து, பருவத்துக்குப் பத்துப் பாடலாய், நூறு பாடலில் ஒரு குழந்தையை வளர்த்தெடுக்கும் பிள்ளைத்தமிழும் அந்த வரிசையில் நிற்கத் தக்கது. கவிஞர்கள் கூடிய அவை என்பதால் அதன் இலக்கணத்தை விரித்துரைக்கத் தேவையில்லை. அந்த இலக்கணத்துக்குள் ஒரு குழந்தை எவ்வாறு தாயின் கையை விட்டு அகல்கிறது என்பதும், அகன்ற குழந்தையைத் தமிழ்க் கவிதை எந்த இடத்தில் கைவிட்டது என்பதுமே இவ்வுரையின் பொருள்.

காப்பு மூன்றாம் திங்கள், செங்கீரை ஐந்தாம் திங்கள், தால் ஏழு, சப்பாணி ஒன்பது, முத்தம் பதினொன்று, வாரானை பதின்மூன்று, அம்புலி பதினைந்து, சிற்றில் பதினேழு, சிறுபறை பத்தொன்பது, சிறுதேர் இருபத்தொன்று எனப் பொதுவாகக் கணக்கிடுவர். பாட்டியல் நூல்கள் தம்முள் ஒன்றிரண்டு திங்கள் வேறுபடும், அது பெரிதன்று. ஒரு காலை மடக்கி, மறு காலையும் இரு கைகளையும் நிலத்தில் ஊன்றி, தலையை நிமிர்த்தி அசைந்தாடும் செங்கீரையை ஐந்தாம் திங்களில் வைத்தவன் குழந்தையை அருகிருந்து பார்த்தவனாக இருக்க வேண்டும். கைகொட்டுதலை ஒன்பதில் வைத்ததும் அப்படியே. உலகச் சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட ஐந்து நாட்டுக் குழந்தைகளைத் தொடர்ந்து கண்காணித்து, 2006ஆம் ஆண்டில் அவர்தம் இயக்கப் படிநிலைகளை வெளியிட்டது. பற்றுக்கோடின்றித் தனியே நடக்கும் ஆற்றல் 8.2 திங்களுக்கும் 17.6 திங்களுக்கும் இடையில் வாய்க்கிறது என்பது அதன் முடிவு. வாரானைக்குப் பாட்டியல் குறித்த பதின்மூன்றாம் திங்கள் அந்த இடைவெளியின் ஏறத்தாழ நடுவில் விழுகிறது. நூற்றுக்கு நான்கு குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலே நடக்கத் தொடங்கிவிடுகின்றன என்றும் அதே ஆய்வு சொல்கிறது. செங்கீரைக்கு நூலில் இடம் இருக்கிறதே என்பதற்காகக் குழந்தை காத்திருப்பதில்லை.

இப்பத்துப் பருவத்தையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் பேசுபவர் யார், செய்பவர் யார் என்று பார்த்தால் ஒரு கதை புலப்படும். காப்பில் குழந்தை ஒன்றும் செய்வதில்லை, தெய்வங்களே காக்கின்றன. தாலில் நாவை அசைத்து இசைப்பவள் தாய். குழந்தை கேட்டுக் கிடக்கிறது. சப்பாணியில் முதன்முறையாக அதன் கைகளுக்கு ஒரு வேலை கிடைக்கிறது. முத்தத்தில் அதனிடம் ஒன்று கேட்கப்படுகிறது. கேட்கப்படுவதாலேயே மறுக்கவும் கூடும் என்ற நிலை அங்கே பிறந்துவிடுகிறது. அடுத்துவரும் வாரானை, வருக என்று அழைக்கும் பருவம். இதில் தாய் ஓரிடத்தில் நிற்கிறாள், குழந்தை வேறோரிடத்தில் நிற்கிறது. பிறந்தது முதல் இடுப்பிலும் மார்பிலும் தூளியிலும் ஒட்டிக் கிடந்த இரண்டு உடல்களுக்கு இடையே நாலடித் தொலைவு விழுகிறது. அந்த நாலடித் தொலைவுதான் வாரானைப் பருவம். தொலைவில்லாமல் அழைப்பில்லை.

குமரகுருபரர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழைத் திருமலை நாயக்கர் முன் மதுரையில் அரங்கேற்றியபோது, அங்கயற்கண்ணியே சிறுமியாய் வந்து மன்னர் மடியில் அமர்ந்து கேட்டாள் என்றும், மன்னர் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் புலவர் கழுத்தில் அணிவித்து மறைந்தாள் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. பக்தர்கள் இதை அருளாடலாகக் கொள்வர். குழந்தை வளர்த்தவர்கள் வேறொன்றையும் கவனிக்கலாம். வந்தது தன் விருப்பில், அமர்ந்தது தான் தேர்ந்த மடியில், எடுத்தது கேளாமல், கொடுத்தது தான் நினைத்தவருக்கு, போனது சொல்லாமல். இவ்வளவும் இரண்டு வயது நிரம்பாத குழந்தை நாள்தோறும் எல்லா வீட்டிலும் செய்கின்ற காரியங்களே.

அம்புலிப் பருவத்தில் நிலவை விளையாட அழைக்கும் தாய் சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நால்வகை உபாயத்தையும் கையாள வேண்டும் என்பது மரபு. அரசியல் நூலில் பகைவர்க்குச் சொன்ன உபாயங்கள் பிள்ளைத்தமிழில் நிலவுக்குச் சொல்லப்பட்டன என்று உரைகாரர்கள் வியப்பர். இதில் வியப்பு வேண்டியதில்லை. ஒரு கவளம் சோற்றை உண்பிக்க நடக்கும் போரில் முதலில் கொஞ்சல், பிறகு அண்ணன் தின்றுவிடுவான் என்னும் பேதம், பிறகு வெல்லக்கட்டி, கடைசியில் பூச்சாண்டி. உபாயங்கள் அடுக்களையிலிருந்து அரசவைக்குப் போயினவா, அரசவையிலிருந்து அடுக்களைக்கு வந்தனவா என்பது ஆராயத்தக்கது.

சிற்றில் பருவத்தில்தான் பெரிய மாற்றம் நிகழ்கிறது. அதுவரை பேசியவள் தாய் அல்லது செவிலி. சிற்றிலில் பேசுபவர்கள் தெருவில் மணல்வீடு கட்டி விளையாடும் சிறுமியர். எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். தாய் அந்தப் பாட்டில் இல்லை. குழந்தை வீட்டைக் கடந்து, வாசலைக் கடந்து, தன்னைப் பெறாதவர்கள் நடுவே வந்து நிற்கிறது. நல்லதும் தீயதும் செய்ய வல்ல ஓர் ஆளாக அதனிடம் விண்ணப்பம் செய்யப்படுகிறது. பதினேழு திங்களில் ஒரு மனிதனுக்குக் கிடைக்கும் முதல் குடியுரிமை இது. பிள்ளைத்தமிழின் நூறு பாடலிலும் கவித்துவம் மிக்க பகுதி வாரானை என்பார் உண்டு, அம்புலி என்பார் உண்டு. குழந்தையைக் குழந்தையாக மட்டும் பாராமல் அயலாருக்கு முன் நிறுத்திய துணிவால் சிற்றிலையே முதலில் வைக்க வேண்டும்.

பெண்பாற் பிள்ளைத்தமிழில் கடைசி மூன்று பருவங்கள் மாறிவிடும். கழங்கு அல்லது நீராடல், அம்மானை, ஊசல் என்பன பெரும்பாலும் அங்கே இடம்பெறும். ஆண்குழந்தை தேர் உருட்டிக்கொண்டு தெருக்கோடிக்குப் போகிறான். பெண்குழந்தை ஊசலில் ஏறி, போன வேகத்தில் புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறாள். எந்தப் புலவரும் இதை எண்ணிச் செய்திருக்கமாட்டார். எண்ணாமல் செய்ததாலேயே அது நூற்றாண்டுக் கணக்கில் நிலைத்தது.

இலக்கணம் இவ்வாறு இறுகுவதற்கு முன்பே பெரியாழ்வார் பாடினார். அவருடைய திருமொழியின் முதல் இரண்டு பத்துகளில் தாலாட்டும் அம்புலியும் செங்கீரையும் சப்பாணியும் தளர்நடையும் இருக்கின்றன. வரிசை மட்டும் பிற்காலப் பாட்டியலுக்குக் கட்டுப்படவில்லை. பாட்டியல் பின்னால் விட்டுவிட்ட பலவும் அங்கே உண்டு. முன்னிருந்து ஓடிவந்து அணைப்பது ஒரு பதிகம். பின்னிருந்து வந்து முதுகைக் கட்டிக்கொள்வது மற்றொரு பதிகம். பூச்சி காட்டி அச்சுறுத்துவது ஒன்று. காது குத்த அழைப்பது, எண்ணெய் வைத்து நீராட அழைப்பது, குழல் வாரும்போது குழந்தை சிணுங்காமலிருக்கக் காக்கையைக் கூப்பிட்டுப் போக்குக் காட்டுவது, பூச்சூட்டுவது எனத் தொடர்ந்து, கடைசியில் அயல்வீட்டுப் பெண்கள் வந்து முறையிடுவது வரை நீள்கிறது. ஒரு வீட்டின் காலை முதல் மாலை வரை அதில் அடங்கும். குழந்தை மறுக்கிறது, ஓடுகிறது, ஒளிகிறது; தாய் தோற்கிறாள். கண்ணன் தெய்வம் என்பதால் தோல்வி அவளுக்கு இழிவன்று. தெய்வம் அல்லாத குழந்தைகளிடமும் தாய்மார் இதேபோலத்தான் தோற்கிறார்கள்.

ஒட்டக்கூத்தர் 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கனுக்குப் பிள்ளைத்தமிழ் பாடியபோது அந்த வீடு மறைந்து அரண்மனை வந்தது. பகழிக்கூத்தர் திருச்செந்தூர் முருகனைப் பாடினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சேக்கிழாரையே குழந்தையாக்கினார். நபிகள் நாயகத்துக்கும் இயேசுபிரானுக்கும் காந்தியடிகளுக்கும் பிள்ளைத்தமிழ் உண்டு. சமய எல்லைகளை இவ்வளவு இயல்பாகக் கடந்த சிற்றிலக்கியம் தமிழில் அரிது. ஆயினும் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பாடப்பட்டவர்கள் அனைவரும் வளர்ந்தபின் பெரியவர்கள் ஆனவர்கள், அல்லது பிறக்கும்போதே பெரியவர்கள். வளர்ந்து கூலியாளாகப் போகும் குழந்தைக்கு நூறு பாடல் பாடிய புலவர் இல்லை. தொல்காப்பியம் குழவியிடத்தும் பாடாண்பொருள் பொருந்தும் என்றபோது அரசன் மகன் என்று வரையறுக்கவில்லை. வரையறுத்தவர்கள் பின்னால் வந்தவர்கள்.

அரசன் ஒருவனே இதற்கு விலக்காக இருந்தான் என்பது சுவையான செய்தி. பாண்டியன் அறிவுடை நம்பி புறநானூற்றின் 188ஆம் பாட்டில் உண்ணும் குழந்தையைக் காட்டுகிறான். குறுகுறுவென நடந்து வருவது, கையை நீட்டுவது, எடுத்ததைக் கீழே இடுவது, மீண்டும் தொடுவது, வாயால் கவ்வுவது, துழாவுவது, நெய்ச்சோற்றை மேனியெல்லாம் பூசிக்கொள்வது என வினைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அந்தக் காட்சியில் ஊட்டும் கை ஒன்றுகூட இல்லை. தாய் இல்லை, செவிலி இல்லை, அதட்டல் இல்லை. எல்லாச் செயலும் குழந்தையுடையவை. செல்வமும் பலரோடு உண்ணும் சிறப்பும் பெற்றிருந்தும் இவ்வாறு இடையே வந்து சோற்றைக் கலைக்க ஒரு பிள்ளை இல்லாதவர்க்கு வாழ்நாளில் பயன் இல்லை என்கிறான் அவன். ஒழுங்கு குலைவதையே பேறாகக் கண்ட அரசன்! வள்ளுவரும் மக்கட்பேற்றில் சிறுகை அளாவிய கூழை அமிழ்தினும் இனிதென்றார். கூழ் என்பதற்குச் சோறு என்றே பரிமேலழகர் பொருள் கொண்டார். கேழ்வரகுக் கூழ் கரைக்கும் வீட்டார் அச்சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டால் வள்ளுவர் தடுக்கமாட்டார்.

பிள்ளைத்தமிழ் இருபத்தொன்றாம் திங்களில் நின்றுவிடுகிறது. ஏறத்தாழ அதே நாள்களில்தான் குழந்தை இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசத் தொடங்குகிறது. அச்சொற்களில் முதன்மையானவை இரண்டு: ‘நானே’, ‘வேண்டாம்’. சட்டையை நானே போட்டுக்கொள்வேன் என்று இரு காலையும் ஒரே துளையில் நுழைக்கும். செம்பில் தண்ணீர் நானே மொள்வேன் என்று பாதியைத் திண்ணையில் ஊற்றும். அப்பாவின் செருப்பில் கால் நுழைத்து, அதை இழுத்துக்கொண்டே முற்றத்தைச் சுற்றிவரும். நடைவண்டியைத் தள்ளிப் பழகிய குழந்தை ஒருநாள் அதை விட்டுவிட்டு, அதில் பொம்மையை ஏற்றித் தள்ளும்; அன்றோடு வண்டி ஊர்தியாகிவிடும். நூறு பாடலிலும் குழந்தையின் வாயிலிருந்து ஒரு ‘வேண்டாம்’ வருவதில்லை. பேசத் தெரிந்ததும் புலவர் எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டார்.

தமிழ்நாட்டு அங்கன்வாடி மையங்கள் இரண்டு வயதுக் குழந்தையை ஏற்று மதிய உணவு தருகின்றன. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டளவில் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. 1982 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் சத்துணவுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. புலவர் விட்ட இடத்தில், மூன்று திங்கள் கழித்து, சத்துணவு ஆயா அந்தக் குழந்தையின் கையைப் பிடிக்கிறாள். களையெடுக்கவும் கரும்பு வெட்டவும் தாய் விடியலில் போய்விடும் வீடுகளில், குழந்தை தானே தட்டைப் பிடித்துத் தானே உண்ணக் கற்பது அந்தக் கூடத்தில்தான். அறிவுடை நம்பி கண்ட காட்சி அங்கே நண்பகல்தோறும் இருபது மடங்காக நடக்கிறது, நெய்தான் இல்லை.

இனி கருணாபுரம். கள்ளக்குறிச்சி நகராட்சிக்குட்பட்ட இக்குடியிருப்பில் வாழ்பவர்கள் பெரும்பாலும் நாட்கூலிக்குச் செல்லும் குடும்பத்தார். கல்வராயன் மலையடிவாரத்துக் கோமுகி அணையிலிருந்து வரும் ஆறு ஊரை ஒட்டிச் செல்கிறது. 2024 ஜூன் 18 இரவும் 19 அன்றும் இங்கும் அருகிலும் பொட்டலச் சாராயம் குடித்தவர்களுக்கு மெத்தனால் நஞ்சேறியது. கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி மருத்துவமனைகளில் அடுத்தடுத்த நாள்களில் உயிரிழந்தவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர். அவர்களுள் பெண்களும் இருந்தனர். மாநில அரசு இறந்தோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது வரை மாதம் 5,000 ரூபாயும், அவர்கள் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையும் அறிவித்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கோகுல்தாஸ் தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைக்கப்பட்டது. வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றச் சென்னை உயர்நீதிமன்றம் 2024 நவம்பரில் ஆணையிட்டது.

செய்தித்தாள்கள் தெருவில் வரிசையாகக் கிடத்தப்பட்ட உடல்களைப் படம் பிடித்தன. இந்தப் பேச்சின் பொருள் அப்படத்தின் ஓரத்தில் நிற்பது. ஒரு குடியிருப்பில் ஒரே வாரத்தில் இத்தனை பேர் இறந்தால், வாரானைப் பருவத்தில் இருந்த குழந்தைகளும் அங்கே இருந்திருப்பார்கள். அழைக்க ஒருவர் நாலடித் தள்ளி நிற்க வேண்டும் என்பதே அப்பருவத்தின் இலக்கணம். அப்பாவின் செருப்பில் கால் நுழைத்து நடப்பது விளையாட்டாவது, உடையவர் மாலையில் வந்து அதைக் கேட்பார் என்பதால்தான். கேட்க ஆளில்லாத செருப்பில் குழந்தை நடந்தால் பார்ப்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஏன் திருப்பினார்கள் என்று அதற்குத் தெரியாது. தன்னுரிமை என்பது, திரும்பி வந்தால் பிடித்துக்கொள்ள ஒரு முழங்கால் இருக்கிறது என்ற உறுதியில் நாலடி விலகிப் போவது. முழங்கால் போனபின் எஞ்சுவதற்குத் தன்னுரிமை என்று பெயரில்லை. தங்கையை இடுப்பில் சுமக்கும் எட்டு வயது அக்காளைப் பொறுப்பான பெண் என்று ஊரார் பாராட்டுவதும் இத்தகையதே. அது பாராட்டத் தக்கதா என்று கேட்கவேண்டியவர்களுள் கவிஞர்களும் உண்டு.

அந்த மரணங்களைப் பற்றிக் கவிதைகள் எழுதப்பட்டன. பெரும்பாலானவை சாராயத்தைச் சபித்தன, சில ஆட்சியைச் சபித்தன. தவறில்லை. குழந்தையைப் பார்த்து எழுதுவது அதனினும் கடினம். ஏனெனில் குழந்தை யாரையும் சபிப்பதில்லை, அன்று மாலையும் பசிக்கிறது என்று மட்டும் சொல்லும். அதை எழுதக் கண்ணீர் உதவாது. செங்கீரையை ஐந்தாம் திங்களில் வைத்தவனுடைய கண் வேண்டும்.

அத்தகைய கண்ணுடைய ஒருவர் இந்த மண்ணின் பிள்ளைகளை ஏற்கெனவே பார்த்திருக்கிறார். இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அடங்கிய திருக்கோவலூர், சங்ககாலத்தில் மலையமான்களின் ஊர். மலையமான் ஒருவனுடைய சிறு மக்களைச் சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் பிடித்துவந்து யானையின் காலில் இடத் துணிந்தான். அப்போது கோவூர் கிழார் பாடியது புறநானூற்றின் 46ஆம் பாட்டு. நீ புறாவின் துன்பம் தீர்த்தவன் மரபில் வந்தவன் என்று மன்னனுக்கு நினைவூட்டுகிறார்; இவர்கள் புலவரின் வறுமைக்கு அஞ்சித் தம் உணவைப் பகிர்ந்தவர் மரபினர் என்கிறார். இவை வழக்காடுதல், எந்தப் புலவரும் செய்யக்கூடியவை. அதற்கு மேல் ஒன்று செய்கிறார். பிள்ளைகளைப் பார்க்கிறார். அழுதுகொண்டிருந்த அவர்கள் யானையைக் கண்டதும் அழுகையை மறந்துவிட்டார்கள். தம்மைக் கொல்ல நிறுத்திய விலங்கு அவர்களுக்கு வேடிக்கையாயிற்று. அவர்கள் மருண்டதெல்லாம் கூடியிருந்த மன்றத்தைப் பார்த்துத்தான். அறியாத முகங்கள் நடுவே நிற்கும் துன்பம் அவர்களுக்குப் புதியது. யானையிடம் அச்சமில்லை, அவையிடம் அச்சம்! குழந்தையை நன்கு அறியாதவர் இதைக் கற்பனையால் எட்டியிருக்க முடியாது. கொலைக்களத்தில் நின்று, மன்னன் சினத்துக்கு முன்னால், அவர் பதறாமல் இதைக் கவனித்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி நீ விரும்பியதைச் செய் என்று பாட்டை முடித்தார்.

அப்பாட்டு அவர்களை உய்யக்கொண்டது என்று பழைய குறிப்பு சொல்கிறது. பிள்ளைகளின் பெயர்களை அது சொல்லவில்லை.